ஊரில் எழுத்தறிவு விழா நடத்துவது எப்படி? பத்து வார வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மாலை வகுப்பின் முதல் எழுத்தறிவு விழாவில் எழுத்தைத் தவிர எல்லாம் இருந்தது. சாமியானா, பொன்னாடை, சோடா, எட்டுப் பேர் பேச்சு. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். நான்கு வரி படிப்பதற்கு மூன்று மாதமாகப் பழகியிருந்த ஒரு அப்பத்தா, ஆடு அடைக்கிற நேரமாகிவிட்டது என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனார். அவர் படிக்காமலே விழா முடிந்தது.

அடுத்த இரண்டு வருடமும் வரிசையைத் தலைகீழாக்கிச் செய்தோம். கற்றுக்கொண்டவர்கள் முதலில் படிப்பார்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் தேதி, இடம், பயிற்சி, மைக் எல்லாமே மாறிவிடும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூர், 15 முதல் 20 பேர் வரும் வகுப்பு. இதை வைத்துச் சொல்கிறேன். நகரத்தில் ஒரு தெருவுக்குச் செய்வதானால் கிராம சபைப் பகுதி மட்டும் மாறும்.

தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: சொல்லிக்கொடுக்க 3 பேர் (அதில் ஒருவராவது பெண்), மாலையில் விளக்கெரியும் ஓர் இடம், ஒரு பெரிய நோட்டு, 10 வாரம். பணம் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். முதலில் வசூலுக்குப் போனால், பணம் கொடுத்தவர் மேடையில் நாற்காலி கேட்பார்.

1. தேதியையும் நேரத்தையும் கற்பவர்களிடம் கேளுங்கள்

உலக எழுத்தறிவு நாள் செப்டம்பர் 8. அதே நாளில்தான் வேளாங்கண்ணி மாதா திருவிழா. ஆகஸ்ட் 29-ல் கொடியேறும். எங்கள் பக்கத்திலிருந்து நடந்தே போகிறவர்கள் உண்டு. அது ஆவணி மாதம் என்பதால் முகூர்த்த நாட்களும் வரிசையாக வரும். சில வருடம் விநாயகர் சதுர்த்தியும் பக்கத்திலேயே வந்து நிற்கும். நான் இதைப் பார்க்காமல் 8-ஆம் தேதியே என்று பிடிவாதம் பிடித்து, படிக்க வேண்டியவர்களில் ஆறு பேரை இழந்திருக்கிறேன்.

அதனால் 8-ஆம் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிற நாட்களை அடித்துவிட்டு, மிஞ்சுவதில் ஒன்றைப் பிடியுங்கள். பேனரில் தேதி சரியாக இருப்பதைவிட மேடையில் ஆள் இருப்பது முக்கியம்.

நேரமும் அப்படித்தான். காலை பத்து மணி என்பது அலுவலர்களுக்கு ஒத்துவரும் நேரம். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். எங்களுக்குப் பொருந்தியது மாலை 6.45. ஆடுமாட்டை அடைத்து, வாசல் தெளித்து, விளக்கு வைத்து முடித்திருப்பார்கள். 8.15-க்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைக்காரர்கள் முதலில் எழுவார்கள், அப்புறம் எல்லோரும்.

2. வீடு வீடாகப் போய்க் கேட்கும் விதம்

இது ஜூன் கடைசி வாரத்து வேலை. புதிதாக வருகிற தன்னார்வலர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். வாசலில் நின்று "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் தெரியும் என்று சொல்லிவிடுவார்கள். மீதிப் பேர் "இனிமே எனக்கு எதுக்கு தம்பி" என்பார்கள். இரண்டு பதிலிலும் இருப்பது கூச்சம். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது வேறு பதில் வராது.

செய்கிற காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். "பஸ் வந்தா போர்டைப் பார்த்து ஏறுவீகளா, ஆளைக் கேட்டு ஏறுவீகளா?" "பேங்குல பாரம் யார் எழுதிக் குடுக்கறது?" "போன்ல பேர் பார்த்து எடுப்பீகளா, எல்லாத்தையும் எடுத்துப் பாத்துருவீகளா?" பதில் தானாக வரும், பல சமயம் ஒரு கதையோடு. மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொண்டது, தஞ்சாவூர் பஸ் என்று நினைத்து வேறு எங்கோ போய் இறங்கியது. அந்தக் கதையை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாலாவது படியில் அவருக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்று பார்க்கும்போது அது உதவும்.

நோட்டில் மூன்று பிரிவு போதும். எழுத்தே தெரியாதவர், எழுத்து தெரிந்தும் கூட்டிப் படிக்க வராதவர், ஒரு காலத்தில் படித்து மறந்தவர். மூன்றாவது பிரிவு எங்கள் மாவட்டத்தில் பெரியது. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகிய பெண்கள் பலர் இங்கே உண்டு. அவர்களில் எங்கள் வகுப்புக்கு வந்தவர்களுக்கு சைக்கிள் மறக்கவில்லை, எழுத்து மறந்துபோயிருந்தது. சைக்கிளை தினமும் மிதித்தார்கள், படிப்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. இவர்களைப் புதியவர்களோடு உட்காரவைக்காதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் அவர்களுக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும். வேகம் கண்டு பக்கத்தில் இருப்பவர் மிரண்டு நின்றுவிடுவார்.

நோட்டு உங்களிடமே இருக்கட்டும். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் "எழுத்தறிவற்றோர் பட்டியல்" என்று ஒட்டிவிட்டால் மறுநாள் வகுப்பில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

ஆண்கள் பொதுவாக வரமாட்டார்கள். பெண்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து அ எழுதுவதற்குக் கூச்சம். அவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்த பிறகு, டீக்கடைப் பேப்பரின் கொட்டை எழுத்துத் தலைப்பை வைத்துக் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் என்பது குறைவில்லை.

3. சிலேட்டுக்கு முன் கண்ணாடி

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். தமிழில் அதற்குப் பெயரே வெள்ளெழுத்து. எழுத்து வெளிறித் தெரியும் என்பதால் வந்த பெயர். ஆனால் படிக்கவே படிக்காதவருக்குத் தன் கண்ணில் வெள்ளெழுத்து இருப்பது தெரியவே தெரியாது. எந்த எழுத்தைப் பார்த்தார், மங்குகிறது என்று சொல்ல? ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

முதல் வருடம் இரண்டு அக்காமார்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "மண்டையில நிக்க மாட்டேங்குது" என்று அவர்களும் சொன்னார்கள். கண்ணாடி போட்டதும் ஒரே வாரத்தில் மாறியது. அதனால் முதல் வகுப்புக்கு முன்பே கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பரிசோதனைக்கு வரும் நாளைச் சொல்வார்கள். கண் மருத்துவமனைகள் நடத்தும் முகாம் பக்கத்து ஊரில் இருந்தால் வேன் பிடித்துக் கூட்டிப்போங்கள். கடையில் கிடைக்கும் கண்ணாடியை மொத்தமாக வாங்கி வந்து பகிர்ந்து கொடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கண்புரை ஆரம்பித்திருந்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

4. ஆளுக்கு ஒரு வாசிப்பு

விழாவின் உயிர் இந்தப் படிதான், நேரமும் அதிகம் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரே திருக்குறளைக் கொடுத்து மேடையில் சொல்லவைப்பது சுலபம். ஆனால் அது ஒப்பிப்பதாகிவிடும். கேட்கிற ஊராருக்கும் அது தெரியும்.

ஒவ்வொருவரிடமும் "எதைப் படிக்கணும்னு ஆசை?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்கள்: பேத்தி கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர், நிலத்துப் பட்டா, புருஷன் ராணுவத்திலிருந்து எழுதிய பழைய கடிதம், கோவில் கல்வெட்டுக்குக் கீழே உபயதாரர் பலகை. கடிதம் கேட்டவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அதைப் படித்துக்காட்டியவர் பக்கத்து வீட்டுப் பையன். "அவன் எதையெல்லாம் விட்டுட்டுப் படிச்சானோ" என்றார். இப்படி ஒரு தாள் கையில் கிடைத்துவிட்டால் வகுப்புக்கு வா என்று நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை.

எழுத்துகளை அ, ஆ என்று தொடங்காதீர்கள். அ வளைவு மேல் வளைவு. முதல் முறை பென்சில் பிடிக்கிற கைக்கு அது தண்டனை. பெரும்பாலும் நேர்கோடுகளில் அமைந்த ட, ப, ம மூன்றும் முதல் நாளுக்குச் சரி. ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். முதல் நாளே ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மறுநாள் கண்டிப்பாக வருவார். அடுத்து ய, க, ச, ர. அதோடு அவரவர் பெயரில் உள்ள எழுத்துகள். 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டாம். உயிர், மெய் முப்பதும், துணைக்கால், கொம்பு போன்ற குறிகளும் பிடிபட்டால் மற்றவை அவற்றிலிருந்து கிளைப்பவைதான்.

பெரியவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது கொம்பில். கெ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. கொ என்றால் முன்னும் பின்னும் காவல் போட்டதுபோல் குறிகள். இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிவிட்டு, இங்கே மட்டும் முதலில் நடுவைப் பார் என்கிறோம். இதற்கு நான் செய்வது: மெய்யை வண்ணச் சாக்பீஸில் எழுதி, குறியை வெள்ளையில் போடுவேன். "கலரை முதல்ல பாருங்க." இரண்டு வாரம் இப்படி ஓடினால் பழகிவிடும். துணைக்காலையும் ர-வையும் குழப்பிக்கொள்வதும் எல்லோருக்கும் வரும். ர-வுக்குக் கீழே சாய்கோட்டை அழுத்தி எழுதிக் காட்டுங்கள்.

தாளை எழுதும்போது கட்டைவிரல் நகம் உயரத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் போதும். ஒருவருக்கு நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம். கூட்டிப் படிப்பவருக்கு அதுவே இரண்டு நிமிடம் ஆகும்.

படிக்கிறாரா, மனப்பாடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் அது மனப்பாடம். அப்போது தாளை மாற்றாதீர்கள், அதே தாளின் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். பெரியவர்களுக்கு நினைவாற்றல் அபாரம். தாலாட்டும் ஒப்பாரியும் தலைக்குள் வைத்திருக்கிறவர்கள். நாலு வரியை இரண்டு தடவை கேட்டாலே வாங்கிக்கொள்வார்கள். அதனால் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

5. கையெழுத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது கையெழுத்துதான். கொடுக்கலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கையோடு.

ஒன்று வங்கி. கைநாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கியவர், கையெழுத்துக் கற்ற சந்தோஷத்தில் பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வங்கிப் பதிவோடு ஒத்துப்போகாது, பணம் வராது. எங்கள் வகுப்பில் ஒருவருக்கு இது நடந்தது. கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அதன் பிறகு ஒரு மாதம் வகுப்புக்கே வரவில்லை. கை ஒரே மாதிரி ஓட ஆரம்பித்த பிறகு, ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கூடவே கிளைக்குப் போய், கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு முறையாக எழுதிக்கொடுங்கள். அதுவரை வங்கியில் பழைய கைநாட்டுதான் என்று தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். கைநாட்டு வைக்கிறவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டுகிற வழக்கம் கொஞ்சமாவது உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டால் படித்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். பெயர் எழுத மட்டும் தெரிந்து வேறெதுவும் படிக்கத் தெரியாத நிலை ஆபத்தானது. சிறுகடன் குழுக்காரர் தாளை நீட்டினால் எங்கள் வகுப்பில் ஒரு வாக்கியம் பழகிவைத்திருக்கிறோம்: "வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சுட்டு நாளைக்குப் போடறேன்." எழுத்தோடு சேர்த்து இதையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள், பரவாயில்லை.

6. அனுமதி, இடம், பணம்

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டம் விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் வருகிறது. அதை விட்டுவிடாதீர்கள். விழா நடத்த ஊராட்சியின் ஒத்துழைப்பு கேட்டு ஒரு பக்க மனு. அதை வகுப்பில் இருக்கிற ஒருவரே கொடுக்கட்டும். தீர்மானத்தில் ஏறிவிட்டால் தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, குப்பை அள்ளுவது எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

பள்ளிக்கூட வளாகம் என்றால் தலைமையாசிரியருக்குக் கடிதம். மைக் வைப்பதானால் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி. கூம்பு ஒலிபெருக்கியைத் தவிர்த்துப் பெட்டி ஸ்பீக்கர் சொல்லுங்கள். அதில் குரல் தெளிவாகவும் கேட்கும்.

எங்களுக்குப் பெரிய செலவு ஸ்பீக்கர் வாடகையும் சுண்டலும்தான். பாய் வீடுகளிலிருந்து வந்தது. பேனர் அடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கற்பவர்கள் ஆளுக்கு ஒரு எழுத்தைச் சார்ட் அட்டையில் எழுதி, கயிற்றில் கோத்துக் கட்டினால் பேனரைவிட நன்றாக இருக்கும். ஒரு வருடம் "எழுத்தறிவு" என்பதில் றி கொஞ்சம் குட்டையாகத் தொங்கியது. யாரும் திருத்தவில்லை.

7. மேசைகள்: ஊரே வந்து எதையாவது படிக்கட்டும்

மேடைக்குப் பக்கத்தில் நாலைந்து மேசை போடுங்கள். விழாவுக்கு அரை மணி நேரம் முன்பே இவை ஓடத் தொடங்க வேண்டும். வருகிறவர் சும்மா உட்கார்ந்திருந்தால் சலிப்பார். படித்தவர், படிக்காதவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் தெரியாத ஒன்று ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். பட்டதாரிக்கும் ஏதாவது தெரியாது என்பதை ஊர் கண்ணால் பார்த்தால், கற்பவர்களுடைய கூச்சம் பாதி குறையும்.

கேஸ் சிலிண்டர் மேசை இதில் கில்லாடி. சிலிண்டரின் தலை வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். 'பி-28' என்றிருந்தால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்பலாம். எங்கள் ஊர் இன்ஜினியர் பையன் இதில் முழித்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது வகுப்பில் நாலு ஆங்கில எழுத்து மட்டும் கற்றிருந்த அவனுடைய அத்தை.

மாத்திரை மேசையில் காலி அட்டைகளைப் பரப்புங்கள். 'இ, எக்ஸ், பி' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது காலாவதி மாதமும் வருடமும். தேதி அச்சடித்த ஓரத்தைக் கடைசியாகத்தான் கிழிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம். இந்த மேசையில் கிராம சுகாதாரச் செவிலியர் உட்கார்ந்தால் நல்லது. எந்த மாத்திரை எதற்கு என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள்.

வங்கிப் படிவ மேசைக்கு ஒரு கட்டு வெற்றுப் படிவம் போதும். தொகையை எழுத்தால் எழுதி "மட்டும்" என்று முடிப்பது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. தொலைபேசி மேசையில் ஓடிபி வந்தால் யாருக்கும் சொல்லக் கூடாது என்பதை நடித்துக் காட்ட இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் கூட்டம் கூடிவிடும்.

நூலகருக்கு ஒரு மேசை கட்டாயம். ஊர்ப்புற நூலகத்திலிருந்து பெரிய எழுத்துப் புத்தகங்களோடு வரச் சொல்லுங்கள். உறுப்பினர் படிவத்தை அங்கேயே நிரப்பி வாங்கிக்கொள்வது நல்லது, நாளைக்கு வாங்க என்றால் அந்த நாளை வராது.

8. நிகழ்ச்சி நிரல்: இதில் வளைந்துகொடுக்காதீர்கள்

எங்கள் நிரல் இப்படி. 6.15 மேசைகள். 6.45 தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் நேராக வாசிப்பு. வரவேற்புரை கிடையாது. பத்துப் பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். 7.20-க்கு ஒரு கும்மி அல்லது பாட்டு. அடுத்து மீதிப் பேர் வாசிப்பு. 7.50-க்கு விருந்தினர் பேச்சு, மொத்தமாகப் பத்து நிமிடம். கடைசியில் சான்றிதழ், சுண்டல்.

வாசிப்பை முதலில் வைப்பதற்குக் காரணம் ஆடு மட்டும் இல்லை. காத்திருக்கக் காத்திருக்கக் கைநடுக்கம் கூடும். நாற்பது நிமிடம் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தெரிந்த எழுத்தும் கண்ணைக் கட்டும்.

யார் முதலில்? நன்றாகப் படிப்பவரை முதலில் விடாதீர்கள், அடுத்தவர் பயந்துவிடுவார். தடுமாறினாலும் சிரித்துக்கொண்டே எடுத்துப் படிக்கிற ஆள் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவர்தான் முதல். சரளமாகப் படிப்பவர் நடுவில்.

விருந்தினரை அழைக்கும்போதே "7.50-க்கு உங்கள் பேச்சு, 6.45-க்கே வந்து கேட்டால் மகிழ்வோம்" என்று சொல்லிவிடுங்கள். தாமதமாக வந்தாலும் வாசிப்பை நிறுத்தி மாலை போடக் கூடாது. இரண்டாம் வருடம் ஒருவர் இதற்காக முகம் சுளித்தார். மூன்றாம் வருடம் அவரே சீக்கிரம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

9. அன்று மேடையில் கெடுவது எப்படி

தாளை இரண்டு கையால் பிடித்திருப்பார்கள், மைக்கைக் கையில் கொடுத்தால் ஏதாவது ஒன்று விழும். ஸ்டாண்ட் மைக் வைத்து, ஒவ்வொருவருக்கும் உயரத்தைச் சரிசெய்ய ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். முடிந்தால் நிற்கவைக்காதீர்கள். மேசை நாற்காலி போட்டு உட்காரவைத்தால் விரல் வைத்துப் படிக்க வசதி.

விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் தாள் நிழலில் விழும். முந்தின நாள் மாலை அதே நேரத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர் இரண்டு பேராவது இருப்பார்கள். 6 மணிக்கே கேட்டுவிட்டால் பேரனை அனுப்பி எடுத்துவர நேரம் இருக்கும்.

பெரிய எதிரி, எடுத்துக்கொடுக்கிறவர். அப்பத்தா ஒரு சொல்லில் நின்றால் கூட்டத்திலிருந்து பேரன் கத்திச் சொல்லிவிடுவான். ஆசையால்தான் செய்கிறான், ஆனால் அந்தச் சொல் அவருடையதாக இருக்காது. தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நின்னா காத்திருப்போம், யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்." பத்து வினாடி மௌனம் மைக்கில் மிக நீளமாகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அவர் வாயிலிருந்தே வரும்போது எழுகிற கைதட்டல் வேறு எதற்கும் எழுவதில்லை.

படம் எடுக்குமுன் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் போடுமுன் மறுபடி கேளுங்கள். "அறுபது வயசுல அ ஆ கத்துக்கிட்ட பாட்டி" என்று எழுதிப் போட்டு ஒருவரை வகுப்பிலிருந்தே விரட்டியிருக்கிறோம். அவருடைய மருமகளின் அண்ணன் வீட்டில் அதைக் காட்டிச் சிரித்துவிட்டார்களாம்.

10. மறுநாள் வகுப்பு உண்டு

விழாவை முடிவாக வைத்தால் எல்லாம் அதோடு நின்றுவிடும். சாமியானாவைப் பிரித்த மறுநாள் மாலை அதே இடத்தில் வகுப்பு நடக்க வேண்டும். வேறு பாடம் வேண்டாம். முந்தின நாள் எடுத்த படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். விழாவைப் பார்த்துவிட்டுப் புதிதாக மூன்று நான்கு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். அன்று வகுப்பு இல்லையென்றால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதும் அதற்கு மேலும் ஆன எவரும் கற்பவராகப் பதிந்துகொள்ளலாம். அதன் பாட அளவு 200 மணி நேரம். வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேரம் என்று பத்து வாரத்தில் நீங்கள் கடந்திருப்பது 50. அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா 50. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் பதிவுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். கேள்வித்தாள் மாதிரியை முன்கூட்டியே காட்டிவிடுங்கள், தானாகத் தெளிந்துவிடுவார்கள்.

எழுத்து மறக்காமல் இருக்க வீட்டுக்குள் படிப்பதற்கு ஏதாவது கிடந்தால்தான் முடியும். நாங்கள் செய்தது: வகுப்புச் சுவரில் ஒரு கரும்பலகை. தினம் ஒருவர் ஊர்ச் செய்தி இரண்டு வரி எழுதுவார். யார் வீட்டு மாடு கன்று போட்டது, ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது. பிழை இருந்தால் இருக்கட்டும். பாமாயில் செய்தியைப் படிக்க யாரையும் கூப்பிட வேண்டியதே இல்லை.

அப்புறம் அக்டோபர் 2. அன்று மறுபடியும் கிராம சபை, வருகைப் பதிவேட்டில் எல்லோரும் தங்கள் பெயருக்கு நேரே பதிய வேண்டும். வகுப்பு மொத்தமும் சேர்ந்தே போங்கள். போகும்போது பையில் நாலைந்து பேனா கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு பேனாதான் இருக்கும், வரிசை நீளும், பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார், பழக்கதோஷத்தில் கை ஸ்டாம்ப் பேட் பக்கம் போய்விடும்.